வயதான பூனையின் சிறுநீரகம்: பராமரிப்புக்குப் புதியவர்களுக்கு

பத்து வயதைத் தாண்டிய பூனை தண்ணீர்க் கிண்ணத்தை அடிக்கடி தேடிப் போனால் வெயிலைக் குறை சொல்லாதீர்கள். சிங்கப்பூரில் போன ஆண்டும் இதே வெயில்தான் அடித்தது. மாறியது பூனை. சிறுநீரைக் கெட்டியாக்கும் திறன் குறைந்துபோனதால் உடம்பிலிருந்து தண்ணீர் வெளியே ஓடுகிறது. ஓடியதை ஈடுகட்டத்தான் அது குடிக்கிறது. நாள்பட்ட சிறுநீரக நோயின் முதல் தடயம் பெரும்பாலும் இதுதான். பத்து வயதைக் கடந்த பூனைகளில் மூன்றில் ஒன்றுக்காவது இந்நோய் இருக்கும் என்பது கால்நடை மருத்துவத்தில் பரவலாகச் சொல்லப்படும் கணக்கு.

ரத்தப் பரிசோதனை முடிவு கைக்கு வந்ததும் பலர் முதலில் வாங்குவது ஆன்டிஆக்சிடன்ட் புட்டி. ‘ஆக்சிஜனேற்ற அழுத்தம்தான் சிறுநீரகத்தைத் தின்கிறது’ என்று எங்கோ படித்திருப்பார்கள். படித்தது தவறில்லை, வாங்கியதுதான் அவசரம். அந்த அழுத்தத்தைக் குறைக்கும் வேலையில் பெரும்பங்கு தண்ணீர், உணவு, பாஸ்பரஸ், ரத்த அழுத்தம் ஆகிய நான்கினுடையது. புட்டி கடைசியில் வருகிறது. சில புட்டிகள் வரவே கூடாது.

உள்ளே என்ன நடக்கிறது

பூனையின் ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ இரண்டு லட்சம் நெஃப்ரான்கள் உண்டு. ரத்தத்தை வடிகட்டும் நுண்குழாய்கள் இவை. செத்த நெஃப்ரான் மறுபடி முளைப்பதில்லை. பத்துப் பேர் பார்த்த வேலை நான்கு பேர் தலையில் விழுவதுபோல, மிச்சமிருப்பவை கூடுதல் ரத்தத்தை வடிகட்டத் தொடங்குகின்றன. கூடுதல் வேலைக்குக் கூடுதல் ஆக்சிஜன் வேண்டும். செல்களுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா ஆக்சிஜனை எரிக்கும்போது கொஞ்சம் பொறி சிதறும். அந்தப் பொறிகளைத்தான் கட்டற்ற மூலக்கூறுகள் என்கிறோம். அவற்றை அணைக்க உடம்பில் குளுட்டதயோன், வைட்டமின் ஈ, செலினியத்தைச் சார்ந்த நொதி என ஆன்டிஆக்சிடன்ட்டுகளின் தீயணைப்புப் படையே இருக்கிறது. பொறி பெருகிப் படை தேயும் நிலைக்குப் பெயர்தான் ஆக்சிஜனேற்ற அழுத்தம். பொறி பட்ட திசு வீங்கி, தழும்பாகி, இன்னும் சில நெஃப்ரான்களை இழக்கிறது. மிச்சத்தின் தலையில் மேலும் சுமை ஏறுகிறது.

இந்தச் சுழற்சிக்கு எண்ணெய் ஊற்றும் காரியங்கள் சில: உடம்பில் நீர் வற்றுவது, ரத்த அழுத்தம் உயர்வது, சிறுநீரில் புரதம் கசிவது, ரத்தத்தில் பாஸ்பரஸ் ஏறுவது, சோகையால் சிறுநீரகத்துக்கு ஆக்சிஜன் குறைவது. இவை ஐந்தையும் அளக்க முடியும், ஐந்துக்கும் சிகிச்சை உண்டு.

2006இல் வெளியான இரண்டு ஆய்வுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில், சிறுநீரகக் கோளாறுள்ள பத்துப் பூனைகளுக்கு வைட்டமின் ஈ, வைட்டமின் சி, பீட்டா கரோட்டின் சேர்த்த உலர் உணவை நான்கு வாரம் கொடுத்தார்கள். டிஎன்ஏ சேதத்தைக் காட்டும் அளவுகள் குறைந்தன. நல்ல செய்திதான், ஆனால் அந்த நான்கு வாரம் ஆயுளைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. மற்றதில், நோயின் நடுக்கட்டங்களில் இருந்த 45 பூனைகளை இரண்டு ஆண்டுவரை கவனித்தார்கள். சிறுநீரக நோய்க்கென்றே தயாரித்த உணவை (சுருக்கமாக, சிறுநீரக உணவு) சாப்பிட்ட 22இல் ஒன்றுகூடச் சிறுநீரகத்தால் சாகவில்லை. வழக்கமான உணவு சாப்பிட்ட 23இல் ஐந்து அப்படிச் செத்தன. கையிலிருக்கும் காசை எதில் போடுவது என்று குழம்புவோர் இந்த இரண்டாவது கணக்கை மறக்க வேண்டாம்.

முதல் வாரம்: வீட்டிலேயே அளந்து பாருங்கள்

எடையிலிருந்து தொடங்குங்கள். பூனையைத் தூக்கிக்கொண்டு குளியலறைத் தராசில் ஏறி உங்கள் எடையைக் கழிக்கும் முறை இதற்குப் போதாது; 100 கிராம் முன்பின்னாகத்தான் காட்டும். குழந்தைகளை நிறுக்கும் தராசோ, 10 கிராம் துல்லியத்தில் காட்டும் பார்சல் தராசோ வாங்குங்கள். வாரம் ஒருமுறை, அதே நாளில், சாப்பாட்டுக்கு முன் நிறுத்து எழுதி வையுங்கள். 4 கிலோ பூனை 200 கிராம் இழப்பது 60 கிலோ ஆள் 3 கிலோ இழப்பதற்குச் சமம். நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு ஓரிரு ஆண்டுகள் முன்பிருந்தே எடை கரையத் தொடங்கியிருக்கும். ‘வயசாச்சு, இளைச்சிருச்சு’ என்று விட்டுவிடுவதால்தான் தாமதமாகிறது.

அடுத்தது தண்ணீர். காலை எட்டு மணிக்கு அளவுக்குவளையால் 500 மி.லி. ஊற்றுங்கள், மறுநாள் அதே நேரம் மிச்சத்தை அளங்கள். மின்விசிறிக் காற்றில் கணிசமான தண்ணீர் ஆவியாகிவிடும் என்பதால், அதே மாதிரிக் கிண்ணம் ஒன்றைப் பூனைக்கு எட்டாத இடத்தில், அதே அறையில் வைத்து, அதில் குறைந்ததைக் கழித்துக்கொள்ளுங்கள். மூன்று நாள் சராசரி எடுங்கள். கிலோவுக்கு 100 மி.லி.க்கு மேல், அதாவது 4 கிலோ பூனை 400 மி.லி.க்கு மேல் குடித்தால் அது நிச்சயம் அதிகம். ஈர உணவில் முக்கால் பங்கு தண்ணீர்தான். அதை மட்டுமே தின்னும் பூனை கிண்ணத்தைத் தொடாமலேகூட இருக்கலாம். அப்படிப்பட்ட பூனை திடீரெனக் குடிக்கத் தொடங்கினால் 100ஐ எட்டும்வரை காத்திருக்காதீர்கள்.

மணல் தட்டில் கட்டிகளை எண்ணுங்கள். எண்ணிக்கையைவிட அளவு முக்கியம்: எலுமிச்சை அளவில் இருந்த கட்டி ஆரஞ்சு அளவுக்கு வளர்ந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டிய செய்தி அது. கட்டியாகாத மணலில் இது தெரியாது. இந்த வாரத்துக்காவது கட்டியாகும் மணலுக்கு மாறுங்கள்.

மருத்துவமனையில்

1989 முதல் இருந்த தடை விலகி, 2024 செப்டம்பர் 1 முதல் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இரண்டு பூனைகள்வரை உரிமத்தோடு வளர்க்கலாம் என்றாகியிருக்கிறது. அதுவரை ஒளித்து வளர்க்கப்பட்ட பூனைகளில் சில, வயதான பிறகு, உரிமத்துக்கான மைக்ரோசிப் பொருத்தத்தான் முதன்முதலாக மருத்துவரிடம் போகும். போகிற அன்றைக்கே ரத்தமும் சிறுநீரும் எடுக்கச் சொல்லிவிடுங்கள். ஒரு கேரியர், ஒரே அலைச்சல்.

கேட்டு வாங்க வேண்டியவை: கிரியேட்டினின், எஸ்டிஎம்ஏ (இரண்டும் சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவுகள்), பாஸ்பரஸ், பொட்டாசியம், ரத்த அணுக்கள், தைராய்டுக்கான டி4, சிறுநீரின் ஒப்படர்த்தி (எவ்வளவு கெட்டி என்பது), சிறுநீர்ப் புரத விகிதம், ரத்த அழுத்தம். ‘கிட்னி டெஸ்ட்’ என்று பொதுவாகச் சொன்னால் சில இடங்களில் கிரியேட்டினினும் யூரியாவும் மட்டுமே எடுப்பார்கள். கிரியேட்டினின் தாமதமாக விழிக்கும் காவலாளி. சிறுநீரகத் திறனில் ஏறக்குறைய முக்கால் பங்கு போன பிறகுதான் எல்லையைத் தாண்டும். எஸ்டிஎம்ஏ அதற்கு முன்பே, சராசரியாக 40 விழுக்காடு இழப்பிலேயே ஏறத் தொடங்கும். அது 14ஐத் தாண்டி அங்கேயே நின்றால் கவனிக்க வேண்டும். தைராய்டு மிகையாகச் சுரக்கும் பூனையில் சிறுநீரக ரத்த ஓட்டம் கூடி, தசையும் கரைந்து, கிரியேட்டினின் பொய்யாக நன்றாகத் தெரியும். டி4 கேட்பது அதற்குத்தான்.

சிறுநீரின் ஒப்படர்த்தி 1.035க்குக் கீழே இருந்தால் பூனைக்கு அது நீர்த்த சிறுநீர். இந்தச் சோதனைக்குச் சில துளிகள் போதும், செலவும் குறைவு. ஆனாலும் அடிக்கடி விட்டுப்போவது இதுதான்.

நோயின் கட்டங்களைப் பிரிக்க உலகெங்கும் பயன்படுவது ஐரிஸ் என்ற பன்னாட்டுச் சிறுநீரக ஆர்வலர் குழுவின் அளவுகோல். கிரியேட்டினின் 140 மைக்ரோமோலுக்குக் கீழ் முதல் கட்டம், 140 முதல் 250 வரை இரண்டாம் கட்டம், 251 முதல் 440 வரை மூன்றாம் கட்டம், அதற்கு மேல் நான்காம் கட்டம். எஸ்டிஎம்ஏ கணக்கில் எல்லைகள் 18, 25, 38. உங்கள் தாளில் கிரியேட்டினின் 2.3 என்பதுபோலச் சின்ன எண்ணாக இருந்தால் அது மில்லிகிராம் அளவு, 88.4ஆல் பெருக்குங்கள், 203 வரும், இரண்டாம் கட்டம். ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது இந்த அலகுக் குழப்பத்தால் ‘நோய் நூறு மடங்காகிவிட்டது’ என்று அலறுவோர் உண்டு. பூனை நீர் வற்றியிருக்கும் நேரத்தில் எடுத்த ஒற்றை முடிவை வைத்துக் கட்டத்தைத் தீர்மானிக்கவும் கூடாது. நீரேற்றி, நிலை சீரான பின் மறுபடி எடுத்துப் பார்த்துத்தான் முடிவு.

ரத்த அழுத்தம் எடுக்கும் முன் பூனையை அமைதியான அறையில் ஐந்து பத்து நிமிடம் விடச் சொல்லுங்கள். முதல் அளவை ஒதுக்கிவிட்டு, அடுத்து வரும் ஐந்தாறின் சராசரிதான் கணக்கு. பக்கத்து அறையில் நாய் குரைத்துக்கொண்டிருக்கும்போது எடுத்த எண்ணை நம்ப முடியாது. 160க்கு மேல் நிலைத்து நின்றால் சிகிச்சை தேவை. 180க்கு மேல் போனால் கண், மூளை, இதயம் மூன்றுக்கும் ஆபத்து. விழித்திரை கழன்று ஒரே இரவில் பார்வை போய்விடலாம்.

உணவு மாற்றம்: அவசரப்பட்டால் கெடும்

இரண்டாம் கட்டத்திலிருந்து சிறுநீரக உணவு என்பது பொது விதி. இவ்வகை உணவில் பாஸ்பரஸ் குறைவு, புரதம் அளவாக, ஒமேகா 3 கொழுப்பும் வைட்டமின் ஈ போன்ற ஆன்டிஆக்சிடன்ட்டுகளும் பெரும்பாலும் ஏற்கெனவே சேர்க்கப்பட்டிருக்கும். தனியாகத் தேடி அலையும் பொருளில் பாதி இந்தத் தகர டின்னுக்குள்ளேயே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மாற்றத்தை மூன்று நான்கு வாரத்துக்கு இழுங்கள். முதல் வாரம் பழைய உணவோடு ஒரு தேக்கரண்டி மட்டும், அல்லது தனித் தட்டில் பக்கத்தில் வையுங்கள். பிறகு கால் பங்கு, பாதி, முக்கால். குமட்டல் இருக்கும்போது புது உணவைத் தொடங்கவே வேண்டாம். உதட்டை நக்குவது, எச்சில் ஒழுகுவது, தட்டை முகர்ந்துவிட்டு விலகுவது எல்லாம் குமட்டலின் அறிகுறிகள். வயிற்றைப் புரட்டிய நேரத்தில் வாயில் பட்ட சுவையைப் பூனை மறக்காது. அந்த உணவை அதன் பிறகு ஆயுளுக்கும் தொடாமல் போகலாம். முதலில் குமட்டலை அடக்கும் மருந்து, சாப்பாடு சீரான பிறகு உணவு மாற்றம்.

குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த ஈர உணவில் மணம் எழாது. தட்டைச் சுடுநீர்க் கிண்ணத்தின்மேல் சில நிமிடம் வைத்து, கைக்கு இளஞ்சூடாகத் தெரியும்போது கொடுங்கள். நம் ஊர் வெக்கையில் அரைமணி, ஒருமணி நேரத்துக்கு மேல் வெளியே விடாதீர்கள். எறும்புக்குத் தனி வைத்தியம்: அகலமான தட்டில் விரலளவு தண்ணீர் ஊற்றி, நடுவில் சாப்பாட்டுக் கிண்ணத்தை வையுங்கள். பூனை அந்தத் தண்ணீரையும் குடித்தால் லாபம்தான்.

4 கிலோ பூனைக்கு நாளொன்றுக்குச் சுமார் 200 கலோரி தேவை. பொட்டலத்தில் உள்ள கலோரியைப் பார்த்துக் கணக்கிடுங்கள். கணக்கில் பாதியைத்தான் தின்கிறது என்றால் அது சிறுநீரக உணவா சாதாரண உணவா என்ற கேள்வி இரண்டாம்பட்சம். சாதாரண உணவை வயிறாரத் தின்னும் பூனை, சிறுநீரக உணவைப் பார்த்துக்கொண்டு பட்டினி கிடக்கும் பூனையைவிட நன்றாக இருக்கும். இரண்டு மூன்று நாள் சாப்பிடாவிட்டால் ஈரலில் கொழுப்பு படிந்து வேறொரு நோய் வந்து சேரும்.

ஈரச்சந்தையில் கூனிங் மீன் வாங்கி அவித்துப் பூனைக்குப் போடுவது இங்கே பல வீடுகளில் வழக்கம். ஆரோக்கியமான பூனைக்கு எப்போதாவது என்றால் பரவாயில்லை. தினமும் அதுவே உணவு என்றால் இரண்டு சிக்கல். முள்ளோடு சேர்த்துத் தின்றால் பாஸ்பரஸ் எகிறும். இரண்டாவது, மீன்கொழுப்பு எளிதில் ஆக்சிஜனேற்றம் அடையக்கூடியது. அதைக் காக்க உடம்பு வைட்டமின் ஈயைச் செலவழிக்கிறது. கொழுப்பு மீனை மட்டுமே நீண்டகாலம் தின்று வைட்டமின் ஈ தீர்ந்த பூனைக்குத் தோலடிக் கொழுப்பு வீங்கி வலிக்கும் மஞ்சள் கொழுப்பு நோய் வருவதுண்டு. ஆசைக்கு வேண்டுமானால் முள் நீக்கி, உப்பில்லாமல் அவித்த மீனில் ஒரு தேக்கரண்டி, சிறுநீரக உணவின் மேலே தூவினால் போதும். நெத்திலிக் கருவாடு வேண்டாம். உப்பும் பாஸ்பரஸும் ஒருங்கே.

சைவ வீட்டில் வளர்ந்தாலும் பூனை இறைச்சி தின்னும் பிராணிதான். புரதத்தைக் குறைக்க வேண்டும் என்று கேள்விப்பட்டுத் தயிர் சாதத்துக்கு மாற்றினால் சிறுநீரகம் தப்பாது, தசைதான் கரையும்.

தண்ணீரும் தோலடி ட்ரிப்பும்

வீட்டில் இரண்டு மூன்று இடங்களில் அகலமான கிண்ணங்கள் வையுங்கள். சாப்பாட்டுத் தட்டுக்கும் மணல் தட்டுக்கும் எட்டத் தள்ளி. குழாய்த் தண்ணீரே போதும். ஈர உணவில் ஒன்றிரண்டு மேசைக்கரண்டி வெந்நீர் கலந்து கஞ்சிப் பதமாகக் கொடுப்பது எல்லாவற்றையும்விட எளிய வழி. கோழி அவித்த நீரும் கலக்கலாம், வெங்காயமும் பூண்டும் உப்பும் போடாமல் அவித்திருந்தால். கடையில் விற்கும் சூப் கட்டிகளில் வெங்காயத்தூள் இருக்கும், அவை வேண்டாம்.

இவ்வளவுக்குப் பிறகும் நீர் வற்றினால் மருத்துவர் தோலடி ட்ரிப்பைப் பரிந்துரைப்பார். ரிங்கர் லாக்டேட் அல்லது ஹார்ட்மன் கரைசலில் ஒரு பூனைக்கு ஒரு தடவைக்கு 75 முதல் 150 மி.லி. வரை, தினமுமா, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறையா என்பதை அவர் சொல்வார். முதல் தடவை அவர் முன்னிலையில் நீங்களே குத்திப் பாருங்கள். பார்த்துக் கற்றது வீட்டுக்கு வந்ததும் மறந்துபோகும்.

1. பையில் என்ன கரைசல் என்று படியுங்கள். குளுக்கோஸ் கலந்தது வேண்டாம். நீர் கலங்கியிருந்தால் பையோடு எறியுங்கள்.

2. பையை வெந்நீர்ப் பாத்திரத்தில் பத்து நிமிடம் போடுங்கள். மணிக்கட்டில் ஒரு துளி விட்டால் சூடோ குளிரோ தெரியக்கூடாது. மைக்ரோவேவ் வேண்டாம், ஓரிடம் கொதிக்கும், ஓரிடம் குளிரும்.

3. குழாயைப் பொருத்தி, திருகைத் திறந்து, காற்று போகும்வரை சில மி.லி. வடியவிட்டு மூடுங்கள். புதிய ஊசி மாட்டுங்கள், 18 அல்லது 20 கேஜ். எண் கூடினால் ஊசி மெலியும். வலி குறையும், நேரம் நீளும்.

4. பூனையின் தலைக்கு மேல் ஒரு மீட்டர் உயரத்திலாவது பையைத் தொங்கவிடுங்கள். சன்னல் கொக்கியோ உடை மாட்டும் கம்பியோ போதும். பையின் அளவுக்கோட்டில் இப்போதைய நிலையைப் பேனாவால் குறியுங்கள்.

5. இரு தோள்பட்டைக்கும் நடுவில் தோலைக் கூடாரம்போலத் தூக்கி, கூடாரத்தின் வாசலில் ஊசியை முதுகுக்கு இணையாக உள்ளே செலுத்துங்கள். மேலிருந்து செங்குத்தாகக் குத்தினால் மறுபக்கத் தோலைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்து ரோமம் நனையும். புதியவர்களின் முக்கால்வாசித் தோல்வி இதுதான்.

6. திருகைத் திறங்கள். ஓட்டம் மெதுவாக இருந்தால் ஊசியை வெளியே எடுக்காமல் லேசாகத் திருப்புங்கள்; நுனி தசையில் ஒட்டியிருக்கும்.

7. அளவு முடிந்ததும் திருகை மூடி, ஊசியை எடுத்து, துளையை இரு விரலால் ஒரு நிமிடம் கிள்ளிப் பிடியுங்கள். இரண்டொரு துளி கசிந்தால் கவலையில்லை. பயன்படுத்திய ஊசியைக் கெட்டியான பிளாஸ்டிக் புட்டியில் சேர்த்து மருத்துவமனையில் ஒப்படையுங்கள்; குப்பைத் தொட்டிக்குப் போகும் பையில் போடக்கூடாது.

முதுகில் எழும் கூம்பு சில மணி நேரத்தில் ஒரு காலை நோக்கிச் சரிந்து கரையும். அது இயல்பு. மறுநாளும் கரையாமல் கிடந்தால் அடுத்த ட்ரிப் போடாதீர்கள். இதயக் கோளாறுள்ள பூனைக்கு இந்த நீர் நுரையீரலில் சேரக்கூடும். தூங்கும்போது மூச்சை எண்ணுங்கள்; நிமிடத்துக்கு 30க்கு மேல் நிலையாக இருந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரை அழையுங்கள்.

பாஸ்பரஸ், ரத்த அழுத்தம், சோகை

பாஸ்பரஸ் இலக்கு இரண்டாம் கட்டத்தில் 4.6 மில்லிகிராமுக்குள், மூன்றாமதில் 5.0க்குள், நான்காமதில் 6.0க்குள். மில்லிமோலில் அறிய 3.1ஆல் வகுங்கள். உணவு மாற்றி ஒன்று இரண்டு மாதம் கழித்தும் இலக்குக்கு வரவில்லை என்றால் பாஸ்பரஸைப் பிடித்துவைக்கும் தூள் சேர்ப்பார்கள். அலுமினியம் ஹைட்ராக்சைடு, லாந்தனம் போன்றவை இவ்வகை. குடலில் உணவோடு கலந்தால்தான் இவை வேலை செய்யும். காலையில் வெறும் வயிற்றில் ஊசிக்குழலால் புகட்டிவிட்டு மாலையில் சோறு வைத்தால் மருந்து வீண், மலச்சிக்கல் மட்டும் மிச்சம்.

உயர் ரத்த அழுத்தத்துக்கு வழக்கமாகத் தருவது அம்லோடிபின், பெரும்பாலும் ஒரு பூனைக்கு 0.625 மி.கி.யில் தொடங்குவார்கள். மனிதருக்கான 5 மி.கி. மாத்திரையில் இது எட்டில் ஒரு பங்கு. கத்தியால் எட்டாக வெட்டினால் எட்டும் எட்டு அளவில் இருக்கும். சிறிய அளவில் தயாரித்த மாத்திரை கிடைக்குமா என்று கேளுங்கள். சிறுநீர்ப் புரத விகிதம் 0.4ஐத் தாண்டினால் டெல்மிசார்டன் அல்லது பெனாசெப்ரில். ஆக்சிஜனேற்றத்தைத் தூண்டும் ஆஞ்சியோடென்சின் என்ற இயக்குநீரின் பிடியை இவை தளர்த்துகின்றன. அப்படிப் பார்த்தால் கடையில் விற்கும் எந்தப் புட்டியையும்விட நேரடியான ஆன்டிஆக்சிடன்ட் இதுதான் என்று வாதிடலாம். நீர் வற்றிய பூனைக்கு இவற்றைத் தொடங்கக்கூடாது. தொடங்கி ஓரிரு வாரத்தில் கிரியேட்டினினை மறுபடி பார்க்க வேண்டும்.

தலையைத் தூக்க முடியாமல் கழுத்து கீழ்நோக்கித் தொங்கினால் பொட்டாசியம் குறைந்திருக்கலாம். ஈறு வெளிறினால் சோகை. ரத்தத்தில் சிவப்பணுப் பங்கு 20 விழுக்காட்டுக்குக் கீழ் இறங்கினால், அணு உற்பத்தியைத் தூண்டும் ஊசிகளைப் பற்றி மருத்துவர் பேசுவார்.

புட்டிகளும் சமையலறையும்

பூனையின் சிவப்பணு ஆக்சிஜனேற்றத்துக்கு எளிதில் இரையாகும். அதன் ஹீமோகுளோபினில் எளிதில் தாக்கப்படும் கந்தகத் தொகுதிகள் எட்டு, மனிதரில் இரண்டு. வெங்காயம், சின்ன வெங்காயம், பூண்டு எல்லாம் பச்சையாகவோ வதக்கியோ பொடியாகவோ எப்படிப் போனாலும் அந்த எட்டையும் தாக்கிச் சோகையைக் கொண்டுவரும். மீன் குழம்புச் சோறும் சாம்பார் தொட்ட கோழித்துண்டும் பூனைக்கு ஆகாது என்பது காரத்தால் அல்ல, வெங்காயத்தால். பாராசிட்டமால் இன்னும் மோசம்: ஒரே மாத்திரை பூனையைக் கொல்லப் போதுமானது. வலி, காய்ச்சல் என்று வீட்டு மருந்துப்பெட்டியைத் திறக்காதீர்கள். ஐபுபுரோஃபென் சிறுநீரகத்தை நேரே தாக்கும். கைவலிக்குத் தேய்க்கும் மருத்துவத் தைலங்களில் சாலிசிலேட், கற்பூரம், யூக்கலிப்டஸ் எண்ணெய் இருக்கும். தேய்த்த கையைப் பூனை நக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மனிதருக்கான ஆன்டிஆக்சிடன்ட்டுகளில் முதலில் விலக்க வேண்டியது ஆல்ஃபா லிபோயிக் அமிலம். மனிதர், நாயைவிடப் பூனைக்கு இது ஏறத்தாழ பத்து மடங்கு நச்சு. கிலோவுக்கு 30 மி.கி.யிலேயே ஈரல் செல்கள் சேதமானதாக 2004இல் வெளியான ஆய்வு காட்டியது. மனிதருக்கான 300 மி.கி. குளிகை ஒன்றை 4 கிலோ பூனைக்குக் கொடுத்தால் கிலோவுக்கு 75 மி.கி. ஆகிவிடுகிறது. வைட்டமின் சியைப் பூனை தன் ஈரலிலேயே தயாரித்துக்கொள்ளும். மேற்கொண்டு ஏராளமாகக் கொடுத்தால் அது ஆக்சலேட்டாக மாறிக் கல்லுக்கு வழிவகுக்கலாம். மீன் ஈரல் எண்ணெயில் வைட்டமின் ஏ, டி இரண்டும் அதிகம், அளவு மீறினால் சிறுநீரகத்துக்கே கேடு. ஒமேகா 3 வேண்டுமென்றால் ஈரல் எண்ணெயல்ல, மீன் எண்ணெய், அதுவும் மருத்துவர் சொன்ன அளவில். கீழாநெல்லி, மூக்கிரட்டை, நெருஞ்சில் கஷாயங்கள் மனிதரின் கைவைத்தியம். பூனைக்கு அளவு வகுக்கப்பட்டவை அல்ல.

பூவில் கவனம் வேண்டும். லிட்டில் இந்தியாவில் வாங்கி வரும் மல்லிகைச் சரத்தால் ஆபத்தில்லை. பூங்கொத்துகளில் வரும் லில்லிதான் எமன். இதழ், இலை, மகரந்தத்தூள், குவளைத் தண்ணீர் எதைச் சிறிதளவு நக்கினாலும் ஆரோக்கியமான சிறுநீரகமே சில நாளில் செயலிழக்கும். விருந்தினர் கொண்டுவந்தால் வாசலிலேயே நிறுத்திவிடுங்கள், கோபித்துக்கொண்டாலும் சரி.

மறுபரிசோதனையும் அவசரமும்

நிலை சீராக இருந்தால் இரண்டாம் கட்டத்தில் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. மூன்றாம், நான்காம் கட்டங்களில் இன்னும் நெருக்கமாக. ஒவ்வொரு முறையும் எடைக் குறிப்பையும் பழைய பரிசோதனைத் தாள்களையும் கொண்டுபோங்கள்.

ஒரு நாள் முழுக்க எதுவும் தின்னாமை, ஓயாத வாந்தி, வாயில் அம்மோனியா நெடியோடு புண், திடீர்க் குருட்டுத்தனம், வாய் திறந்து மூச்சுவிடுதல் இவற்றில் எது கண்டாலும் அன்றைக்கே போக வேண்டும். ஆண் பூனை மணல் தட்டில் முக்கிக்கொண்டே இருந்து சொட்டும் வரவில்லை என்றால் விடியும்வரைகூடக் காத்திருக்கக்கூடாது. எம்ஆர்டி ரயிலிலும் பேருந்திலும் செல்லப்பிராணிக்கு அனுமதி இல்லை. டாக்சியில் ஓட்டுநரின் விருப்பம். ஆகவே உங்கள் பேட்டைக்கு அருகில் 24 மணி நேரமும் இயங்கும் கால்நடை மருத்துவமனையின் எண்ணையும், செல்லப்பிராணிகளை ஏற்றும் வாடகைக் கார்ச் சேவையின் எண்ணையும் இன்றே கைப்பேசியில் பதிந்துகொள்ளுங்கள். கேரியரைப் பரண்மேல் ஏற்றாமல் கூடத்திலேயே கதவு திறந்து, பழைய துண்டு விரித்து வைத்திருங்கள். பூனை அதில் படுத்துப் பழகியிருந்தால், நள்ளிரவில் சோபாவுக்கு அடியிலிருந்து அதை இழுத்துக்கொண்டிருக்க வேண்டியிருக்காது.